எது முதலில் நின்றது?

அன்று காலையில் டீச்சருக்கு உண்மையிலேயே கண் தெரியவில்லையா, இல்லை, தெரியாதது போல நடந்துகொண்டாரா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பாத்திரம் துலக்கும்போது, பாவம், தெரியவில்லைதான் என்று தோன்றும். துணி உலர்த்தும்போது, அதெல்லாம் இல்லை, தெரிந்தேதான் செய்தார் என்று தோன்றும். இந்தத் 'தோன்றும்' என்ற சொல்லை அவர் காதில் விழும்படி சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டார்.

"கண்டியா, நெனச்சியா?"

டீச்சர் என்றதும் எனக்கு முதலில் கேட்பது இந்தக் குரல்தான். முகம் பிறகுதான் வரும்.

திண்டிவனத்துக்கு வெளியே, புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அங்கே கட்டடங்களையும் மைதானத்தையும் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வேலை என் கணவருக்குக் கிடைத்தது. அப்போது அது நிரந்தரமாகவில்லை. பள்ளி வளாகத்திலேயே ஒரு சிறிய வீடு கொடுத்தார்கள். நான் விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவள், பி.ஏ. படித்தவள், கைக்குழந்தைக்காரி. அடுத்த வீட்டில் டீச்சர் இருந்தார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவர். சொந்த ஊர் கிளியனூர். நாற்பது வயதிருக்கும், தனியாக இருந்தார், அதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஊர்க் கதைக்கு மாற்றிவிடுவார்.

அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. "திண்டிவனம் தாலுக்காவுலேயே இயற்பியல் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்" என்று சாம்பாரில் உப்பு சரியா என்று சொல்வதைப் போலச் சொல்வார். புடவைக்கு ஏற்ற வளையல், வளையலுக்கு ஏற்ற பொட்டு. கைப்பையில் மல்லிகைப் பூ, சின்ன ஸ்பேனர், எமரித் தாள், வறுத்த மல்லாட்டை எல்லாம் ஒன்றாக இருக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பேசும்போது அதை உரித்துக்கொண்டே இருப்பார். தோலைக் கீழே போடமாட்டார், கைக்குட்டையில் சேர்த்துக்கொள்வார். அவர் உரிப்பதை நிறுத்தினால் ஏதோ பெரிய விஷயம் என்று நான் தெரிந்துகொண்டேன். அப்படி நிறுத்தி நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

குடிவந்த புதிதில் என் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.

"டீச்சர், பாப்பாவுக்கு உடம்பு சுடற மாதிரி இருக்கு. பால் குடிக்கல போல இருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல போல."

"மாதிரி, போல, போல. மூணு சொன்ன. இதுல எத நீ கண்ட?"

நான் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தெர்மாமீட்டர் வெச்சியா?"

"இல்ல டீச்சர்."

"பால் குடுத்துப் பாத்தியா?"

"குடிக்காதுன்னு நெனச்சு..."

"போ. ரெண்டையும் செஞ்சி பாத்துட்டு வா. அப்புறம் அழலாம். நானும் கூட அழறேன்."

கோபமாக வந்தது. ஆனால் போய் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. குழந்தை மடக்மடக்கென்று பால் குடித்தது. சட்டைக்குள் ஒரு எறும்பு இருந்தது, அவ்வளவுதான். அதைக்கூட அவரிடம் போய்ச் சொன்னேன். "எறும்பைக் கண்டியா?" என்றார். கண்டேன் என்றேன். "சபாஷ்" என்று ஒரு பிடி மல்லாட்டை கொடுத்தார்.

அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. திண்டிவனத்தில் அப்போது பெண்கள் வண்டி ஓட்டுவது அபூர்வம். அவர் ஓட்டும் அழகு இன்னும் அபூர்வம். சாலையின் நட்டநடுவில், மாட்டு வண்டி வேகத்தில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹார்ன் அடித்துக்கொண்டே போவார். எதிரே தெரிந்தவர்கள் வந்தால் சிரிக்கமாட்டார். 'ரொம்பத் திமிர்' என்று வளாகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன், காணவில்லை.

ஒருமுறை என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கிளியனூருக்குக் கூட்டிப்போனார். வழியில் வண்டி நின்றுவிட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து நான்கைந்து பேர் எழுந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

"பெட்ரோல் அடைச்சிருக்கும்மா."

"பிளக்கு போயிருக்கும். புதுசு மாத்திடு."

"பொம்பளைங்க ஓட்டற வண்டி இல்லைங்க இது. நவுருங்க, நான் ஒதைக்கறேன்."

டீச்சர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினார். ஒயரோடு சேர்த்து அதை இஞ்சின் இரும்பின் மேல் சாய்த்துவைத்தார். என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். முகத்தை அதன் மேல் கொண்டுபோய், மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"பொறி வருது. செவப்பா, சோம்பேறித்தனமா வருது. நீலமா, பட்டுனு வரணும்." எமரித் தாளால் கரியைத் தேய்த்தார். மறுபடி பார்த்தார். "இப்ப நீலம்." பிளக்கை மாட்டினார். வண்டி ஓடியது. பெஞ்சுக்காரர்களிடம், "ஒதைக்கறேன்னது யாரு? வீட்டுல உங்க சம்சாரத்துகிட்ட கேட்டுட்டு வாங்க, ஒதைச்சா எது சரியாவும்னு" என்று சொல்லிவிட்டு ஹார்ன் அடித்துக்கொண்டே கிளம்பினார். அவருடைய அப்பா நிலத்தில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் ஒன்று இருந்ததாம். வீட்டில் அதைக் கிளப்பத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று கிளியனூர் போய்ச் சேரும்வரை பெருமை அடித்தார்.

இப்போது புல் வெட்டும் வண்டிக்கு வருகிறேன்.

பள்ளிக்கு உதவும் வெளிநாட்டுக்காரர்கள் கப்பலில் அனுப்பிய பழைய வண்டி அது. தள்ளிக்கொண்டு போகும் வகை இல்லை. மேலே உட்கார்ந்து ஓட்டுவது. சிவப்பு நிறத்தில் குட்டி டிராக்டர் போல இருக்கும், வயிற்றுக்கு அடியில் மின்விசிறி இறக்கை போல ஒரு கத்தி சுழலும். எல்லாரும் அதைப் 'புல்லு டிராக்டர்' என்றார்கள். அதை எப்படி ஓட்டுவது என்று விளக்கும் புத்தகம் கூட வரவில்லை. வேலைக்கு எடுக்கும்போது, "இதை ஓடவைப்பாயா?" என்று தாளாளர் கேட்க, என் கணவர் "ஓடவைக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் வீடும் அடுப்பும் நின்றுகொண்டிருந்தன.

தாளாளர் கண்டிப்பானவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. அவர் வந்தால் பிள்ளைகள் எழுவார்கள், ஆசிரியர்கள் எழுவார்கள், படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வேறிடம் போகும். அவர் என் கணவரைக் கூப்பிட்டு, "விளையாட்டு விழாவுக்கு வண்டி குடுத்தவங்களே வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி இது ஓடணும். ஓடலைன்னா வண்டியும் வேணாம், வண்டிக்குன்னு ஒரு ஆளும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

வண்டியை ஓட்ட ஏழுமலை அண்ணனை நியமித்தார்கள். கோலியனூர்க்காரர், ஒல்லியான மனிதர், வளாகத்தின் தோட்டக்காரர். அழகாக ஓட்டினார். காலையெல்லாம் ஓடும். நீள நீளமாகப் புல் படிந்து, பாய் விரித்தது போல மைதானம் பின்னால் விரிந்துகொண்டே போகும். தாளாளர் பார்க்க வருவார். வண்டி நின்றுவிடும். ஏழுமலை அண்ணன் இறங்கி, குனிந்து நின்றபடி சாவியைத் திருப்புவார். ஒரு சத்தமும் வராது. தாளாளர் உதட்டைச் சுழித்துக்கொண்டு போவார். அவர் போன பிறகு அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், குழந்தை போலக் கிளம்பிவிடும்.

ஒருமுறை இல்லை, அவர் வரும்போதெல்லாம் இதே கதை.

"ஐயா பார்வை அந்த மாதிரிங்க" என்று ஏழுமலை அண்ணன் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். என் கணவருக்கோ, அண்ணன் மேலேயே சந்தேகம். வேண்டுமென்றே நிறுத்துகிறாரோ என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் இரண்டையும் நம்பினேன். எதை நம்புவது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் நம்புவது என் வழக்கம்.

விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார் என் கணவர். அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொட்டு இஞ்சினைச் சுற்றவைத்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை. "காயில் போச்சு சார்" என்றார். காயில் என்பது பொறிக்கான மின்சாரத்தைத் தரும் கம்பிச் சுருள். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் கணவர் பஸ் ஏறி விழுப்புரத்தில் காயில் கட்டும் கடைக்குப் போனார். கடைக்காரர் சோதித்துவிட்டு, "இது நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கணவர் குழம்பிப்போய் வந்து அதையே மாட்டினார். ஏழுமலை அண்ணன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஓடியது.

சந்தோஷத்தில் கேசரி கிளறினேன். டீச்சர் வீட்டுக்கும் கொடுத்தேன்.

"எப்டி சரியாச்சு?" என்று கேட்டார் டீச்சர்.

"பஸ்ஸுல குலுங்கினதுல உள்ள ஏதோ சேந்துகிச்சு போல டீச்சர்" என்றார் என் கணவர்.

"அப்டின்னா இஞ்சினையும் பஸ்ஸுல ஏத்தி மெட்ராஸ் வரைக்கும் கூட்டிகினு போய் வாங்க தம்பி. இன்னும் நல்லாயிடும்."

மறுநாள் தாளாளர் வந்தார். வண்டி நின்றது.

அன்று மாலை என் கணவர் சாப்பிடவில்லை. விழுப்புரத்திலிருக்கும் என் அப்பாவிடம் வேறு வேலைக்குச் சொல்லிவைக்கலாமா என்று கேட்டார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை 'போல' சொல்லவில்லை. "டீச்சர், ஐயா வந்தா வண்டி நின்னுடுது. போனா ஓடுது. இதுதான் நாங்க கண்டது" என்றேன்.

"இப்பதான் ஒரு கேள்வி மாதிரி கேக்கற" என்று செருப்பை மாட்டினார்.

ஷெட்டில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவார். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று சாமிக்கே தெரியாது என்பார். ஏழுமலை அண்ணனை உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொல்லி, பிளக்கை இரும்பில் சாய்த்து, வழக்கம் போல மூக்கை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பளிச்சென்று நீலப் பொறி. பேட்டரி ஒயரை அசைத்துப் பார்த்தார். உள்ளே திறந்து மூடும் பாயிண்ட்டை எமரித் தாளால் துடைத்தார். எல்லாம் சரி. எலுமிச்சம்பழத்தைக்கூடத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, எலுமிச்சம்பழத்துல கரண்ட் வரும், லேபுக்கு வந்தா காட்டறேன். ஆனா புல்லு டிராக்டரை ஓட்டற அளவுக்கு வராது."

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான் டீச்சரு."

"பொறி இருக்கு. நான் கண்டேன். இஞ்சினுக்குள்ள பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. இனிமே இஞ்சினுக்கு வெளிய பாக்கணும்." என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஸ்கூல் இருக்கு. நாளைக்கு நீ பாரு."

"எனக்கு என்ன தெரியும் டீச்சர்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். தெரிஞ்சவங்க நாலு பேரு வந்து பாத்தாச்சு. பாப்பா மூச்சு விடறத நாள் முழுக்க பாத்துகினு குந்தி இருக்கறவதானே நீ? அதே மாதிரி வண்டியப் பாரு. சாயங்காலம் வந்து கண்டத மட்டும் சொல்லு."

மறுநாள் மைதானத்து ஓரம் புங்க மரத்தடியில் குழந்தையோடு உட்கார்ந்தேன். தாளாளர் கார் வந்தது. வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. மாலையில் டீச்சர் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு, "யாரது, நீயா?" என்றார்.

"ஐயா வந்த உடனே நின்னுடுச்சு டீச்சர். அவரு பாத்த பார்வையிலதான்..."

"பார்வை நீ நெனச்சது. கண்டதச் சொல்லு. மொதல்லேந்து சொல்லு."

"ஏழுமலை அண்ணன் ஓட்டிகினு வந்தாரு. ஐயா கார்லேந்து எறங்கினாரு. அண்ணன் தலையில கட்டியிருந்த துண்டை எடுத்தாரு. இடுப்புல கட்டினாரு. நின்னுடுச்சு."

"எது நின்னுச்சு?"

"வண்டிதான்."

"அண்ணன்?"

"அண்ணனும் நின்னாரு. எழுந்துதானே துண்டை இடுப்புல கட்டுவாங்க."

"எது மொதல்ல நின்னுச்சு?"

கண்ணை மூடிக்கொண்டேன். வெயில், கார், துண்டு. அண்ணனின் இடுப்பு சீட்டை விட்டு மெல்ல எழுகிறது. இஞ்சின் சத்தம் இன்னும் கேட்கிறது. பிறகு சத்தம் இல்லை.

"அண்ணன்தான் மொதல்ல நின்னாரு. அவரு நின்னப்புறம்தான் அது நின்னுச்சு."

டீச்சரின் விரல்கள் நின்றுவிட்டன. பாதி உரித்த மல்லாட்டை அப்படியே கையில் இருந்தது. "தம்பியக் கூப்புடு. ஜல்தி" என்றார்.

ஷெட்டில் ஏழுமலை அண்ணன் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிக் கத்தியைச் சுழலவிட்டார். அது ஓடியது.

"அண்ணே, இப்ப எழுந்து நில்லுங்க."

"யாருமே இல்லியே டீச்சரு. யாருக்கு எழுந்துக்கறது?"

"நான்தான் ஐயான்னு நெனச்சுக்குங்க. இன்னிக்கு ஒரு நாளு நெனக்கலாம், தப்பில்ல."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தார். வண்டி நின்றது. நின்றபடியே சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. உட்கார்ந்து திருப்பினார். ஓடியது. மறுபடி எழுந்தார். நின்றது. என் கணவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பொத்தான், அதிலிருந்து இரண்டு ஒயர். ஆள் உட்கார்ந்தால் பொத்தான் அமுங்கும், பொறி வரும். ஆள் எழுந்தால் பொத்தான் மேலே வரும், பொறி அறுந்துபோகும், சாவியும் வேலை செய்யாது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கத்தி அவரை வெட்டிவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்ததால்தான் அவருக்குப் பொறி வரவில்லை. வண்டியில் ஒரு பழுதும் இல்லை. அது எழுந்தவரை விழுந்தவர் என்று நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

"வண்டியும் உன்ன மாதிரிதான். காணாமலே நெனச்சுக்குது" என்றார் டீச்சர் என்னைப் பார்த்து.

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. ஏழுமலை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நான்தான் நிறுத்தினேனா?" என்று சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் கணவர் அவர் தோளைத் தொட்டார். சந்தேகப்பட்டதற்கு அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

"ரெண்டு ஒயரையும் முறுக்கிவிட்டுடலாம் டீச்சர். எழுந்தாலும் ஓடும். தொல்லை விட்டுது" என்றார் என் கணவர்.

நான் வண்டியின் அடியில் தெரிந்த கத்தியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாளில் என் மகள் இந்தப் புல்லில்தான் தவழ்வாள். "வேணாங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். நான் ஒரு விஷயத்தில் 'வேணும்னா', 'உங்க இஷ்டம்' என்ற ஒட்டெல்லாம் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆனால் ஒயரை முறுக்காவிட்டால் ஏழுமலை அண்ணன் தாளாளர் முன்னால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அதுதான் மலையைப் புரட்டும் வேலையாக இருந்தது. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு தாளாளர் போலவே தொண்டையைக் கனைத்தபடி நடந்து வந்து பழக்கினார். ஒவ்வொரு முறையும் அண்ணன் எழுந்துவிட்டார். டீச்சர்தான் வருகிறார் என்று தெரிந்தும் எழுந்தார்.

"அண்ணே, குந்துங்களேன்."

"நான் குந்தித்தான் இருக்கேன் டீச்சரு. இடுப்புதான் எழுந்துக்குது. எங்கப்பன் காலத்துலேந்து எழுந்து பழகின இடுப்புங்க இது. ஐயா வந்தா குந்திகினு இருக்க முடியுமா?"

"ஐயாகிட்டயே போய்ச் சொல்லிட்டா?" என்றேன்.

என் கணவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். உங்களுக்கு இனிமேல் எழுந்து நிற்க மாட்டார்கள் என்று அந்த மனிதரிடம் யார் சொல்வது?

"நான் சொல்றேன்" என்றார் டீச்சர். "எனக்கு இன்னா பயம்? விழா அன்னிக்கு, வண்டிகிட்ட வர்றதுக்கு முன்னாடி, அவரை நிறுத்தி நாலு வார்த்தை. அவ்ளோதான். நிம்மதியா தூங்குங்க."

தூங்கினோம்.

விழா அன்று காலை டீச்சர் மயில் கழுத்துப் பட்டுப் புடவையில் வந்தார். விருந்தினர்களும் தாளாளரும் காரில் வந்து இறங்கினார்கள். ஏழுமலை அண்ணன் மைதானத்து மூலையில் வண்டியைக் கிளப்பி ஓட்டத் தொடங்கினார். டீச்சர் தலையை நிமிர்த்திக்கொண்டு நேராகக் கார் பக்கம் நடந்தார். ஒரு வெள்ளைச் சட்டைக்காரரை நிறுத்தினார். கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அவர் மிகுந்த மரியாதையுடன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் தாளாளர் இல்லை. விருந்தினர்களை மெட்ராஸிலிருந்து அழைத்து வந்த வாடகைக் காரின் டிரைவர்.

உண்மையான தாளாளர் விருந்தினர்களோடு மறுபக்கமாக மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். நான் பார்த்தேன். ஏழுமலை அண்ணனும் பார்த்தார். அவர் கை தலைத் துண்டுக்குப் போனது. இடுப்பு எழுந்தது. வண்டி ஒரு இருமல் இருமி நின்றது.

தாளாளர் என் கணவரைப் பார்த்தார். "என்னய்யா இது?" என்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் கணவர் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். நான் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் டிரைவருக்குச் சீட்டுப் பொத்தானை விளக்கிக்கொண்டிருந்தார்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் போனால் சரியா, போகாவிட்டால் சரியா என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"ஐயா, வண்டி கெட்டுப்போகலைங்க. அவர் நின்னா அது நிக்கும்."

"என்ன?"

"சீட்டுக்கு அடியில ஒரு பொத்தான் இருக்குங்க. ஓட்டறவரு எழுந்தா, விழுந்துட்டாருன்னு வண்டி தானா நின்னுடும். அவரு உங்களப் பாத்தா எழுந்துடறாரு. அதனாலதான் நீங்க வரும்போதெல்லாம் நிக்குது. நீங்க அவர உக்காரச் சொன்னா ஓடும்."

"இத யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நான் கண்டேன்."

விருந்தினர்களில் நரைத்த தலைமுடியுள்ள பெண்மணி ஒருவர் என்ன பேச்சு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்து, சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக் காட்டினார். தாளாளர் சிரிக்கவில்லை. ஏழுமலை அண்ணனைப் பார்த்தார். இடுப்பில் துண்டோடு, கைகட்டி, கண்ணைத் தாழ்த்தி நின்ற அந்த மனிதரை அவர் அதற்கு முன் அவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா என்று தெரியாது.

"ஏழுமலை, குந்து."

"ஐயா..."

"குந்துய்யா. நான்தான சொல்றேன்."

ஏழுமலை அண்ணன் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. தாளாளரைத் தாண்டும்போது அவரைப் பார்த்தால் இடுப்பு எழுந்துவிடும் என்று முகத்தை முழுக்க வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டினார். அதனால் அந்த இடத்தில் மட்டும் புல் வெட்டிய பட்டை பாம்பு போல வளைந்துபோனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வெட்டிய புல்லின் வாசனை மைதானமெங்கும் எழுந்தது. வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. மைதானத்தை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அண்ணன் இறங்கினார். இறங்கியதும் தாளாளருக்கு முன்னால் போய், விட்டுப்போன வணக்கத்தையெல்லாம் சேர்த்து ஒரே வணக்கமாக வைத்தார்.

அன்றிலிருந்து தாளாளர் மைதானத்துக்கு வந்தால் தூரத்திலேயே குடையை உயர்த்தி, "குந்து, குந்து" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். என் கணவருக்கு வேலை நிரந்தரமானது. விழுப்புரத்துக்குப் போய் அப்பாவிடம் நானே சொன்னேன், ஒன்றுவிடாமல். 'போல' இல்லாமல்.

டீச்சர் விழா முடிந்த மாலையில் படியில் உட்கார்ந்து ஒரே பெருமை.

"ஐயாகிட்ட எவ்ளோ தெளிவா சொன்னேன், பாத்தியா? எப்டித் தலையாட்டினாரு."

"டீச்சர், அது கார் டிரைவர்."

அவர் விரல்கள் நின்றன. இரண்டாவது முறை. பிறகு உரிக்கத் தொடங்கின.

"அப்டியா? ஆனா அவருக்கு நல்லா புரிஞ்சுது."

"உங்களுக்கு நிஜமாவே தெரியலையா டீச்சர்?"

"நீ இன்னா கண்ட?"

"நீங்க டிரைவர்கிட்ட பேசினதக் கண்டேன்."

"அவ்ளோதான். அதுக்கு மேல நெனக்காத. பேஜாரு."

நான் நினைக்காமல் இருப்பேனா? நாளிதழை மூக்கில் வைத்துப் படிப்பார். காலடிச் சத்தத்தில்தான் ஆளை அறிவார். கண்ணாடி போட்டால் பொட்டு மறையும் என்று கேலியாக ஒருமுறை சொன்னார். அதனால்தான் வழியெல்லாம் ஹார்ன். கண்டதை மட்டும் நம்பு என்றவருக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதோ? அதனால்தான் என் கண்ணைக் கடன் வாங்கினாரோ? அப்படியானால் கிளியனூர் போகும் வழியில், எனக்கே தெரியாத ஒரு ஓணானுக்காக எப்படி பிரேக் போட்டார்? வெள்ளை வேட்டிக்கும் பேண்ட்டுக்குமா வித்தியாசம் தெரியாது? நான் பேசட்டும் என்றுதான் வேறு பக்கம் போனாரா?

அடுத்த வருடம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். மொபெட்டை லாரியில் ஏற்றும்போதும், "ஒண்ணொண்ணா ஏத்துங்கய்யா, ரெண்டா ஏத்தினா எது ஒடைஞ்சுதுன்னு தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. பின்பக்க அறையில் பொம்மையை உட்காரவைத்துத் தமிழ்ப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கிறாள். ஒரு எழுத்தில்கூடத் தடங்குவதில்லை. மழை பெய்வது போல வாசிக்கிறாள். நான் கதவருகில் போய் நின்றால் வார்த்தை திக்குகிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. முதலில் அவளுக்கு ஏதோ குறை என்று பயந்து டாக்டர்களிடம் அலைந்தேன். பிறகு புங்க மரத்தடியில் உட்கார்ந்தது போலச் சில நாள் வெறுமனே பார்த்தேன். எது முதலில் நின்றது என்று பார்த்தேன். நான்தான் முதலில் நிற்கிறேன். நான் நின்ற பிறகுதான் அவள் நிற்கிறாள்.

இதை நான் நினைக்கவில்லை, கண்டேன்.

அதனால்தான் டீச்சரைப் பற்றிய அந்தக் கேள்வி இப்போது எனக்கு அவ்வளவு முக்கியமாகிவிட்டது. அவர் தெரிந்தே வேறு பக்கம் பார்த்தார் என்றால், நானும் அதைப் பழகிக்கொள்ளலாம். உண்மையிலேயே கண் தெரியவில்லை என்றால், அந்தக் கொடுப்பினை எனக்கில்லை. எனக்குத்தான் எல்லாமே தெரிகிறதே.

படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மகள் வாசிக்கும்போது ஒரு தாய் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது? தூரத்திலேயே குடையை உயர்த்தி "குந்து, குந்து" என்று சொல்ல ஒரு வழி இருந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் நினைத்ததை வேண்டாம். உங்கள் வீட்டில் கண்டதை.